ஆளுக்கு ஒரு விலை

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவனுக்கு இரண்டு பெயர்கள். வருகைப் பதிவேட்டில் இருந்தது ஒன்று. அது இந்துக் கடவுளின் பெயர். வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. அது பைபிளில் வருகிற பெயர். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இரண்டாவது பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெப்பக்குளத்துப் பக்கம் ஏதோ வாங்கப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையும் கையில் கறுப்பு அட்டைப் புத்தகமுமாக எதிரே வந்தான். கூடவே அவன் அம்மா. அம்மா அவனைக் கூப்பிட்ட பெயரைக் கேட்டு நான் முழித்தேன். அவன் என்னைவிட அதிகமாக முழித்தான்.

மறுநாள் கேன்டீனில் அவனே ஆரம்பித்தான். ‘‘ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு காலேஜ் சீட்டு இருக்குடா மாப்ளே. யார்கிட்டயும் சொல்லிடாதே.’’

நான் சொல்லவில்லை. இப்போதும் அவன் பெயரைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ‘இதற்கு என்ன செலவு, யார் கணக்கில்?’ என்று கேட்பது. கடவுள் நம்பிக்கைக்கு என்ன செலவு? மனசுக்குள் பூட்டி வைத்திருக்கும்வரை காலணா செலவில்லை. நாலு பேர் பார்க்க அதைத் தெருவுக்குக் கொண்டு வரும்போதுதான் பில் வருகிறது. அந்த பில் எல்லோருக்கும் ஒரே தொகைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. பதில் தேடி மலைக்கோட்டை அடிவாரம்வரை வாருங்கள். சுமார் 260 வருஷத்துப் பழைய கணக்கு ஒன்று அங்கே இருக்கிறது.

* * *

திருச்சியில் சர்ச் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது வானத்தைக் குத்தும் கோபுரத்தோடு நிற்கும் லூர்து மாதா கோயில்தான். அதே தெப்பக்குளத்து வட்டாரத்தில், அதிகம் பேர் திரும்பிப் பார்க்காத இன்னொரு சர்ச் இருக்கிறது. பெயர், கிறிஸ்து ஆலயம். 1766 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டியவர் ஒரு ஜெர்மானியர். கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் ஷ்வார்ட்ஸ்.

1726-ல் பிரஷ்யாவில் ஸோனன்பர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. ஹாலே நகரத்தில் படித்தபோது அங்கே தமிழ் பைபிள் அச்சு வேலை நடந்தது. அதற்கு உதவுவதற்காகத் தமிழ் படிக்க ஆரம்பித்தவருக்கு, அந்தத் தமிழே கப்பல் டிக்கெட்டாக ஆனது. கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தார். அப்பா சொத்தில் தன் பங்கைக் கூடப்பிறந்தவர்களுக்கே விட்டுக் கொடுத்தார். கணக்கில் முதல் செலவு இது.

1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1762-ல் திருச்சி. அப்போது திருச்சி என்றாலே கோட்டைதான். ஆற்காடு நவாப் முகமது அலிக்குச் சொந்தம் என்று பெயர். காவலுக்கு நின்றது ஆங்கிலேயக் கம்பெனிப் படை. அந்தக் கோட்டைக்குள் ஒரு பழைய கட்டடத்தில் ஷ்வார்ட்ஸுக்கு ஓர் அறை கிடைத்தது. கட்டிலைப் போட்டால் அவர் நிற்க மட்டும்தான் இடம் மிஞ்சும். அவரோடு பழகிய வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: சாப்பாடு, நம் ஊர்ப் பக்குவத்தில் சோறும் காய்கறியும். உடை, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. வருமானம், வருஷத்துக்கு 48 பவுண்டு.

இத்தனைக்கும் அது சாதாரணக் காலம் அல்ல. கம்பெனி ஆட்கள் வெறுங்கையோடு வந்து, நாலைந்து வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம். நவாப்புக்குக் கடன் கொடுத்தே லட்சாதிபதி ஆனவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளைத்தோல்காரர் ஒருவர் சோறும் கத்தரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? வேடிக்கை பார்த்தது. பிறகு கவனித்தது. கடைசியில் நம்ப ஆரம்பித்தது.

கோட்டைச் சிப்பாய்களுக்குப் போதிக்க ஆங்கிலம் கற்றார். நவாப் தர்பாருக்காகப் பாரசீகம் படித்தார். பின்னாளில் தஞ்சாவூர் மன்னரோடு பேச மராத்தியும் வந்தது. ஸ்ரீரங்கம் பக்கம் போய்ப் பிராமணர்களோடு திண்ணையில் உட்கார்ந்து வாதம் செய்வார். 1764-ல் கம்பெனிப் படை மதுரையில் யூசுப்கானை - நம் மருதநாயகத்தைத்தான் - முற்றுகையிட்டபோது அங்கே போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். அதற்காக நவாப் கொடுத்த பணம் அவர் பைக்குள் போகவில்லை, மிஷன் காரியங்களுக்குப் போய்விட்டது. கோட்டைப் படைக்குக் குருவாக இருப்பதற்கு மதராஸ் அரசாங்கம் வருஷம் 100 பவுண்டு சம்பளம் போட்டது. அதிலும் பாதி சபைக்கு.

இதெல்லாம் புகழ்ச்சியாகத் தெரிகிறதா? இருங்கள். ஷ்வார்ட்ஸே தன் குறிப்பில் எழுதி வைத்த ஒரு சம்பவம். ஒருநாள் வழியில் ஒரு நாட்டிய ஆசிரியரையும் அவருடைய மாணவியையும் பார்த்தார். ‘தீய நடத்தை உள்ளவர்கள் யாரும் மோட்சத்துக்குள் நுழைய முடியாது’ என்று போதித்தார். அந்தப் பெண் பட்டென்று திருப்பிக் கேட்டாள்: அப்படியென்றால் ஐயா, வெள்ளைக்காரர்களில் யாருமே அங்கே போக முடியாதே?

சொல்லிவிட்டு அவள்பாட்டுக்குப் போய்விட்டாள். இவர்தான் நின்றுவிட்டார். கோட்டைக்குள் குடித்துவிட்டுப் புரளும் சிப்பாயும், லஞ்சம் வாங்கும் துரையும் ‘கிறிஸ்தவர்கள்’. அவர்கள் செய்வதற்கெல்லாம் தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் இவர். நம்பிக்கையை வெளியே காட்டிக்கொண்டு வாழ்பவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி இது. தன் கடனோடு ஊரான் கடனும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டுவிடும்.

* * *

இதைவிடப் பெரிய கடன் ஒன்று 1779-ல் அவர் பெயரில் ஏறியது. ஷ்வார்ட்ஸ் அதற்கு முந்தைய வருஷம்தான் திருச்சியை விட்டுத் தஞ்சாவூருக்குக் குடிபோயிருந்தார். மதராஸ் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்ட் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ‘மைசூருக்குப் போய் ஹைதர் அலியைப் பார்த்து, கம்பெனிக்குச் சமாதானத்தில்தான் விருப்பம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.’ கம்பெனியின் எந்தத் தூதரையும் ஹைதர் நம்பத் தயாராக இல்லை. ஏமாற்றாத ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கம்பெனிக்குள் கிடைக்கவில்லை, வெளியேதான் இருந்தார்.

ஷ்வார்ட்ஸ் யோசித்தார். ரத்தம் சிந்தாமல் தடுக்க முடியுமானால் போகலாம் என்று முடிவு செய்தார். ஆனால் பரிசு எதையும் கையால் தொடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கினார். ஹைதரைப் பற்றி அவர் எழுதியிருப்பது சுவாரஸ்யம். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அபார ஞாபகசக்தி. ஒரு எழுத்தரைக் கடிதம் எழுதச் சொல்வார். எழுதியதை வாசிக்கச் சொல்வார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அதையே மறுபடி வாசிக்கச் சொல்வார். தான் சொன்னதிலிருந்து ஒரு சொல் மாறியிருந்தாலும் எழுதியவன் கதி அதோகதி! யாரையும் சுலபத்தில் நம்பாத அந்த மனிதர், ஷ்வார்ட்ஸை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

கிளம்பும்போது பல்லக்கில் ஒரு பை. உள்ளே 300 ரூபாய், வழிச்செலவுக்கு. ‘வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்தார். ‘திரும்ப எடுத்துப் போனால் எங்கள் தலை போகும்’ என்றார்கள் அதிகாரிகள். மதராஸுக்கு வந்து அரசாங்கத்திடம் கொடுத்தார். ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றது அரசாங்கம். கடைசியில் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க அதுவே முதல் தொகை ஆனது.

பணக் கணக்கு சுத்தம். ஆனால் பெயர்க் கணக்கு?

இவர் சமாதானம் பேசப் போவதற்குச் சில மாதம் முன்புதான், ஹைதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொன்ன மாஹே துறைமுகத்தைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. அந்தக் கோபம் ஆறவில்லை. கம்பெனியும் நிறுத்தவில்லை. ஒரு கையால் பாதிரியாரை அனுப்பிவிட்டு மறு கையால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை நாசமானது. ஷ்வார்ட்ஸ் கொண்டுபோன ‘சமாதானம்’ ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

அதாவது, முப்பது வருஷம் சோறும் காய்கறியும் சாப்பிட்டுச் சேர்த்த ஒரே சொத்தைக் கம்பெனி ஒரு நடையில் செலவழித்துவிட்டது. யாருடைய பொய்க்கோ இவருடைய உண்மை ஜாமீன் கையெழுத்துப் போட்டது. ஆச்சரியம் என்னவென்றால், ஹைதருக்கு அது புரிந்திருந்தது. யுத்தத்தின் நடுவிலும், ‘அந்தப் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்காதீர்கள்’ என்று தன் படைக்கு உத்தரவு போட்டார். ஷ்வார்ட்ஸ் வேறு, கம்பெனி வேறு என்று பிரித்துப் பார்த்தவர் எதிரிதான்!

* * *

அந்தச் சொத்து முழுதாகக் கரைந்துவிடவில்லை என்பது தஞ்சாவூர்க் கோட்டையில் தெரிந்தது.

யுத்தம் வந்தது, கூடவே பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் ஜனங்கள், சிப்பாய்கள். சாப்பிட நெல் இல்லை. கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் கோட்டைக்குக் கொண்டுவர மாடு இல்லை. இருந்த மாட்டையும் விவசாயிகள் தர மறுத்தார்கள். ஏன்? முன்பு நெல் கொண்டு வந்தபோது துபாஷிகள் கூலியை அமுக்கிவிட்டார்கள். மன்னர் துளஜா உத்தரவு போட்டார், யாரும் வரவில்லை. கெஞ்சினார், அப்போதும் வரவில்லை. காலையில் தெருவெல்லாம் பிணம்.

அப்போது மன்னர் கம்பெனி அதிகாரி ஒருவரிடம் சொன்னார்: நீங்கள், நாங்கள், எல்லோருமே ஜனங்களிடம் நம்பிக்கை இழந்துவிட்டோம். ஷ்வார்ட்ஸை நம்புகிறார்களா என்று பார்ப்போம்.

ஷ்வார்ட்ஸ் நாலா பக்கமும் கடிதம் அனுப்பினார். ‘கூலியை என் கையால் கொடுப்பேன். எதிரி பிடித்துக்கொண்டு போகும் மாட்டுக்கும் நானே விலை கொடுப்பேன்.’ ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. சொன்னபடி எல்லோருக்கும் பணம் கொடுத்தார். கையிருப்புப் போதாமல் மற்றவர்களுடைய பணத்தையும் போட்டுக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் பள்ளிக்கூடப் பாடமாக வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் அவர் எழுதிய அதே கடிதத்தில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு கிராமங்களுக்குள் போனது யார்? ஷ்வார்ட்ஸ் இல்லை. ஓர் உபதேசியாரும் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சிலரும். உயிரைப் பணயம் வைத்துப் போனார்கள் என்று எழுதுகிறார். வாக்குக் கொடுத்தவர் பாதிரியார். எதிரிப் படை சுற்றித் திரியும் வழியில் நடந்தவர்கள் இவர்கள். ஹைதரின் உத்தரவு பாதிரியாருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இவர்களுக்கு? அவர்கள் பெயர்கூட அந்த வரியில் இல்லை.

கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கம் இங்கேதான் புரள்கிறது.

* * *

தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திப் பிராமண விதவை ஒருவர். கணவன் சிதையில் ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்லப்படுகிறது. அவரோடு வாழ்ந்தார். அவரிடமிருந்தே கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டு, ஞானஸ்நானம் கேட்டு ஷ்வார்ட்ஸிடம் வந்தார். ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார்! கல்யாணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்கிறவருக்குத் தர முடியாது என்பது அவர் கட்சி.

யோசித்துப் பாருங்கள். பிறந்த சாதி கதவை மூடிவிட்டது. வந்த இடமும் திறக்கவில்லை. அந்த அதிகாரிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, கவனியுங்கள். சம்பளம் வந்துகொண்டிருந்தது; சர்ச்சில் அவருடைய நாற்காலியும் காலியாகவில்லை. பில் வந்தது அந்த அம்மாளுக்கு மட்டும்தான்.

பாளையங்கோட்டைக்குப் போனார்கள். லிட்டில்டன் இறந்துபோனார். 1778-ல் ஷ்வார்ட்ஸ் அங்கே போனபோது அந்த அம்மாள் மறுபடி கேட்டார். இந்தத் தடவை கிடைத்தது. பெயர், குளோரிந்தா. தன் பணத்தைப் போட்டு அங்கே ஒரு சர்ச் கட்ட முன்னின்றார். 1785-ல் ஷ்வார்ட்ஸே வந்து திறந்து வைத்தார். ஊர் அதற்கு வைத்த பெயர் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’. எதை விட்டு வந்தாரோ அந்தச் சாதியே கோயிலுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அ.மாதவையா இந்த அம்மாளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார் (1915).

குளோரிந்தா தொடங்கிய சபையைப் பார்த்துக்கொள்ள ஷ்வார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன். 1790-ல் அவருக்குத் தஞ்சாவூரில் குருப்பட்டம் கிடைத்தது. இவர்கள் வழியாகத் திருநெல்வேலிச் சீமையில் எளிய ஜனங்கள் சபைக்கு வந்தபோது, பில் இன்னும் கனமாக வந்தது. வந்தவர்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள், ஊரைவிட்டு அடித்துத் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்களுக்காக சாத்தான்குளம் அருகே, ஓர் ஆங்கிலேய அதிகாரி கொடுத்த பணத்தில், 1799-ல் ஒரு நிலம் வாங்கப்பட்டது. முதலில் குடியேறியவர்கள் 28 பேர். ஊருக்கு வைத்த பெயர் முதலூர். முன்னின்று செய்தவர் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார். சில வருஷங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்பதுதான் அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் சேதி.

ஷ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் தஞ்சாவூரில் இறந்தார். அவர் பார்வையில் வளர்ந்த இளவரசர் சரபோஜி கண்ணீர்விட்டு அழுதார். மன்னரான பிறகு லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் சலவைக்கல்லில் ஒரு நினைவுச்சின்னம் செய்து வரவழைத்தார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் போனால் பார்க்கலாம்: படுக்கையில் பாதிரியார், பக்கத்தில் மன்னர். கம்பெனியும் தன் பங்குக்கு மதராஸ் கோட்டைச் சர்ச்சில் ஒரு சின்னம் வைத்தது.

ஒரே நம்பிக்கைதான். ஒருவருக்கு இரண்டு சலவைக்கல், இன்னொருவருக்கு விஷம்.

* * *

‘அதெல்லாம் கலவரக் காலம் சார், சட்டம் வந்த பிறகு சரியாகியிருக்குமே’ என்பீர்கள். சட்டத்துக்கே வருவோம்.

அந்தக் காலத்தில் மதம் மாறினால் சாதி போகும். சாதி போனால் சொத்தில் பங்கும் போகும். ஷ்வார்ட்ஸ் தன் பங்கைத் தானாக விட்டுக் கொடுத்தார். இங்கே மாறியவர்களிடமிருந்து அது பிடுங்கப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல! 1850-ல்தான் கம்பெனி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. மதம் மாறியதற்காகவோ சாதியைவிட்டு விலக்கப்பட்டதற்காகவோ ஒருவரின் சொத்துரிமை போகாது என்றது அது. வங்காளத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் எதிர்ப்பு மனுக்கள் பறந்தன. சட்டம் நின்றது.

சுதந்திரம் வந்தது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றி 1950 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவர் உத்தரவு ஒன்று வெளியானது. இந்து மதத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்றது, பஞ்சாப் பக்கம் சில சீக்கியப் பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு. 1956-ல் சீக்கியர்கள் எல்லோரையும் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். படிப்பு உதவித்தொகையை மாநில அரசு அவர்களுக்கும் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எஸ்.சி. இடஒதுக்கீடு கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் என்ன? கிறிஸ்தவத்தில் சாதி இல்லை. சாதி இல்லாத இடத்துக்குப் போனவருக்குச் சாதிக் கொடுமைக்கான நிவாரணம் எதற்கு? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், உண்மையில் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு தட்டிலும் சாப்பிட முடியாது, வாஸ்தவம்தான்.

ஆனால் முதல் வரி உண்மையா? கிறிஸ்தவத்தில் சாதி இல்லையா?

ஷ்வார்ட்ஸ் காலத்துச் சபைகளிலேயே மேல்சாதிக்காரர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். ஹைதரிடம் வளையாத மனிதர் இதில் வளைந்து கொடுத்தார். போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டார். கல்கத்தா பிஷப் ஹீபர் இந்தச் சிக்கலை விசாரித்துக்கொண்டே தெற்கே வந்தார். 1826 ஏப்ரல் 3 காலை கோட்டைக்குள் இருக்கும் இதே கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களைச் சந்தித்துவிட்டுப் போனவர், தங்கிய வீட்டில் குளிக்க இறங்கி அங்கேயே இறந்துபோனார். வயது 42. விசாரணை பாதியில் நின்றது. அவருக்குப் பின் வந்த பிஷப் வில்சன் 1830-களில் ‘சாதியை விட்டே ஆக வேண்டும்’ என்று உத்தரவு போட்டபோது, சாதியை விடாமல் சபையை விட்டுப் போனவர்களே உண்டு.

அது ஒரு பிரிவின் கதை என்று நினைக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதற்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் மற்றவர்கள். அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி எத்தனையோ போராட்டங்கள் நடந்திருக்கின்றன. சாதி இல்லை என்கிறது சட்டப் புத்தகம். செத்தவனுக்கே சாதி உண்டு என்கிறது செங்கல்.

ஆக, தலித் கிறிஸ்தவருக்கு பில் இரண்டு தடவை வருகிறது. நம்பிக்கையை வெளியே சொன்னதற்காக அரசாங்க கவுன்டரில் ஒரு தடவை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதற்காகச் சபைக்குள் ஒரு தடவை. மேல்சாதியிலிருந்து மாறி வந்தவருக்கு இந்த முதல் பில் கிடையாது, இழக்க அவருக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டாவது பில்லும் கிடையாது. 260 வருஷமாக ஆளைப் பார்த்துத்தான் விலை. யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவரிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது. இதையெல்லாம் ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022-ல் ஓர் ஆணையம் அமைத்தது. அதற்கு முன்பே 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தையும் சாதிப் பட்டியலையும் முடிச்சுப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தது. சொன்னதோடு சரி.

* * *

நண்பனைச் சமீபத்தில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. நல்ல வேலையில் இருக்கிறான். இன்னும் இரண்டு பெயர்தான். ஊரில் யாரைக் குறை சொல்கிறோமோ தெரியாது, அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிருக்குப் பயந்து மறைத்தவர்கள் உண்டு, சோற்றுக்குப் பயந்து மறைத்தவர்கள் உண்டு. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மறைக்க எதுவும் இல்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

அவன் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம். ‘‘உள்ளதை எழுதப் போறேன்ப்பா’’ என்றாளாம்.

‘‘உட்கார வெச்சு ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுக் காட்டினேன்டா’’ என்றான். ‘‘கட்-ஆஃப் எவ்வளவு ஏறும், எந்த காலேஜ் போகும், நாளைக்கு கவர்ன்மென்ட் வேலைன்னா என்ன ஆகும்... எல்லாம் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். நாமதான் பி.காம். ஆச்சே.’’

‘‘என்ன சொன்னா?’’

‘‘பேப்பரை வாங்கி முழுசாப் படிச்சா. ‘கூட்டல் சரியா இருக்குப்பா’ன்னா. அப்புறம் அந்தக் கட்டத்துல எழுதிட்டா.’’

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு அவனே சொன்னான்: ‘‘அதுல அப்பா பேர்ன்னு ஒரு கட்டம் இருக்கு மாப்ளே. அங்கே என்ன எழுதறதுன்னு என்னைக் கேட்டா. இன்னும் பதில் சொல்லலை.’’